நகத்துண்டு அளவு இரும்பு

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் வாடகை வீட்டுக்குக் குடிபோன புதிதில், பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வளவிலிருந்து ஒரு சத்தம் வரும். சில்வண்டு என்றுதான் நினைத்தேன். மழைக்காலத்தில் எங்கள் தீவுகளில் சில்வண்டுக்குக் குறைவில்லை. ஆனால் சில்வண்டு விட்டுவிட்டுக் கத்தும். இது விடவில்லை. மெலிதாக, ஒரே இழையாக, காதுக்குள் ஊசி நுழைகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. தெருமுனை மளிகைக்கடை வங்காளியிடம் கேட்டேன். "மிஸ்திரி தாதா கா மெஷின்" என்றார், மேஸ்திரி அண்ணனின் மிஷினாம். பழகிவிடும் என்றும் சொன்னார்.

எனக்குப் பழகவேயில்லை. நான் அந்த ஊரை விட்டு வந்துவிட்டேன், அவரும் இப்போது இல்லை. ஆனாலும் சில சாயங்காலங்களில், அடுப்பில் பால் பொங்கும்போதோ துணி மடிக்கும்போதோ, அந்தச் சத்தம் கேட்கிறதா என்று கை தானாக நின்றுவிடுகிறது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. வங்காளிகளுக்கு மிஸ்திரி தாதா, மலையாளிகளுக்கு மேஸ்திரி, எனக்கு அண்ணன். படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்தில், டிங்கி என்கிற சின்ன மீன்படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. அதற்கு முன் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். தீவுக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் பேச்சு மட்டும் கோயமுத்தூரிலேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவார். இந்தி பேசும்போதும் போடுவார். வங்காளிச் சிறுவர்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

நான் துறைமுக அலுவலகத்தில் க்ளார்க். என் வீட்டுக்காரர் தீவுக் கப்பலில் வேலை பார்த்ததால் மாதத்தில் பாதி நாள் நான் தனியாகத்தான் இருப்பேன். தினமும் காலையில் எதிர்க்கரையில் இருக்கிற சாத்தம் தீவுக்குப் போகிற படகில் அண்ணனைப் பார்ப்பேன். சாமான் வாங்கப் போவார். வண்டிகளும் ஆட்களும் ஒன்றாக ஏறுகிற படகு அது. இறங்குபாலத்தைத் தூக்கிப் பிடிக்கிற சங்கிலிக்கும் ஜனங்களுக்கும் நடுவில், சங்கிலி அறுந்தால் அடிக்கும் என்று எல்லாரும் ஒதுங்குகிற அந்த இடத்தில்தான் அவர் போய் நிற்பார். வெயிலோ மழையோ இடத்தை மாற்ற மாட்டார். குழந்தையோடு யாராவது சங்கிலிப் பக்கம் வந்தால், "அந்தப் பக்கம் போங்க கண்ணு" என்று கையை நீட்டி மறிப்பார். ஒருநாள் ஏன் இங்கேயே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "யாராச்சும் ஒருத்தர் நிக்கோணுமில்லீங்க" என்றார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. புதிதாக யாரைப் பார்த்தாலும் அவர்கள் கண்ணைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு, கண்ணு நல்லாத் தெரியுதுங்களா என்று கேட்பார். என்னிடமும் கேட்டார். நல்லாத்தான் தெரியுது அண்ணே என்றேன். நல்ல சேதி சொன்ன மாதிரி தலையை அசைத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் புத்தி பிசகு என்று அன்றைக்கு நினைத்தேன்.

தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. ஒரு மீன்காரன் எஞ்சினைப் பழுதுக்குக் கொடுத்திருந்தான். எல்லாம் சரியாகிவிட்டது, ஒரே ஒரு ஊசி தேய்ந்திருந்தது. விசிறியைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கிற, சுண்டுவிரல் நீளமுள்ள ஊசி. புதிது போர்ட் பிளேரிலிருந்து வர மறுநாளாகும். மீன்காரன் அதுவரை பொறுக்கவில்லை. இவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன நேரத்தில் எஞ்சினைத் தூக்கி டிங்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். திரும்பி வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, போட்டிருந்த சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கினார். மார்பளவு ஆழத்தில் போய் டிங்கியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. மீன்காரன் இந்தியில் வாய்க்கு வந்தபடி ஏசினான். அவர் பதில் பேசாமல் வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றிய ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, அங்கேயே தண்ணீரில் நின்றபடி மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கயிற்றை விட்டார்.

நான் அன்று ஜெட்டியில் நின்று பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கரையேறி என்னைத் தாண்டிப் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. போகிற டிங்கியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால், அந்தச் சத்தம் வருகிற கொட்டகைக்கு நான் போனது ரொம்ப நாள் கழித்து. அவர் மனைவி ருக்குமணி அக்கா ஒருநாள் டீயை என் கையில் கொடுத்து, "நீயே குடுத்துரு அம்மிணி, நான் அதுக்குள்ள போறதில்லை" என்றாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் கப்பலுக்குப் போன நாட்களில் அக்கா வீட்டுச் சமையலறைதான் எனக்கு இருப்பிடம்.

கொட்டகை வாசலை அடைத்த மாதிரி நெருக்கமான கம்பி வலை ஒன்றைச் சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார். வலைக்கு வெளியே ஆணியில் வெல்டிங் கண்ணாடி தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு வலைக்குப் பின்னாலேயே நில்லுங்க என்றார். உள்ளே மேசைமேல், மில்லில் நூல் சுற்றுகிற ஒற்றைக் கதிர் செங்குத்தாகச் சுழன்றுகொண்டிருந்தது. நான் சில்வண்டு என்று நினைத்தது அதுதான்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, என் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினார். வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி வளைந்த இரும்பு. ஓர் அரிசியின் கனம்கூட இருக்காது. டிராவலர் என்று பெயர். நூல் மில்லில் கதிரைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமாம். அந்த வளையத்தின் விளிம்பில் இது உட்கார்ந்திருக்கும். நூல் இதற்குள் நுழைந்துதான் கதிருக்குப் போகும்.

"இதுக்குன்னு தனியா மோட்டார் கெடையாதுங்க. நூலு இழுக்குது, இது ஓடுது. இது ஓடுனாத்தான் நூலுக்கு முறுக்கு. எண்ணெய் விட முடியாது, நூலு கறையாயிரும். காஞ்ச இரும்பு மேல காஞ்ச இரும்பு. சூடேறும், தேயும். தேஞ்சு மெலிஞ்சு ஒரு நேரத்துல வாயை விட்டுரும்."

"விட்டா?"

"பறக்குமுங்க" என்றார்.

அது பறக்காமல் இருக்க அவர் செய்துகொண்டிருந்ததை எனக்குப் புரிகிற அளவுக்குச் சொன்னார். மெயின்லேண்டிலிருந்து கம்பி வரவழைத்து, சின்ன அச்சில் வைத்து வளைப்பார். வளையத்தில் படுகிற பாதத்தைக் கொஞ்சம் அகலமாக்குவார், அப்போதுதான் சூடு ஒரே இடத்தில் நிற்காது. பிறகு ஊதுவிளக்கில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் போடுவார். ஓரங்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே மழுக்குவார். ஒன்றைச் செய்து, ஓட்டி, தேய்ந்த இடத்தைப் பார்த்து, அடுத்ததை மயிரிழை மாற்றிச் செய்வார். வருஷக்கணக்காக இதுதான் அவருக்குச் சாயங்காலம்.

மறுபடி மோட்டாரைப் போட்டார். நான் வலைக்குப் பின்னால் கண்ணாடியோடு நின்றேன். அவர் வலைக்கு அந்தப் பக்கம், வளையம் இருக்கிற உயரத்துக்கு முகத்தைத் தாழ்த்தி, வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தார். கன்னத்திலும் புருவத்திலும் பொடிப்பொடியான தழும்புகள். அதுவரை அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போடவில்லையா என்று கத்திக் கேட்டேன். திரும்பாமலே கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

ருக்குமணி அக்காவுக்கு இடது கண் கிடையாது. இமை ஒட்டிப்போய், அந்த இடம் சற்றுப் பள்ளமாக இருக்கும். சின்ன வயதில் காய்ச்சலில் போனது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நான் கேட்டதில்லை. அவளாகத்தான் ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"நான் மில்லுல சைடு பாத்த பொண்ணு. நூல் சுத்தற ஃப்ரேமுக்கு ரெண்டு பக்கமும் நடந்துட்டே இருக்கோணும். நூலு அறுந்தா குனிஞ்சு ஒட்டோணும். ஒருநாள் குனிஞ்சேன். அவ்வளவுதான்" என்றாள். செதிள் உரிக்கிற கை நிற்கவில்லை. பிறகு, "அந்த ஃப்ரேமுக்கு அவிங்கதான் ஃபிட்டரு" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் அவர் போய் அவள் அப்பாவிடம் பெண் கேட்டாராம். சாதி ஒன்றுதான், ஆனால் அண்ணன் வீட்டார் வசதியானவர்கள். ஒற்றைக்கண் பெண்ணுக்கு வாழ்க்கை கொடுத்தவர் என்று ஊரே அவரைத் தூக்கி வைத்துப் பேசியது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். அது அக்காவுக்குத் தாங்கவில்லை. மில் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாளாம்.

"மில்லு இல்லாத ஊராப் பாத்துப் போயிரலாமுன்னு நாந்தான் சொன்னேன். கப்பலேறி வந்தோம். அவிங்க மில்லக் கூடவே கொண்டாந்துட்டாங்க."

கொட்டகைச் சத்தம் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தத்தோடு எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நிறுத்தச் சொல்லிப் பார்த்தாளாம். ஒரு வாரம் நிறுத்தினார், அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை, அவளே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

"உனக்கொண்ணு தெரியுமா அம்மிணி. அது வந்து அவிங்க கண்ணுல படோணும்னுதான் அப்படி உக்காந்திருக்காங்க. ஆனா நல்லாச் செய்யச் செய்ய அது பறக்கறதில்லை. பறந்தாலும் அவிங்களுக்கு ஏமாத்தம், பறக்கலீன்னாலும் ஏமாத்தம். நான் என்ன பண்டறது சொல்லு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் என் காது கொட்டகைப் பக்கமே இருக்கும். சத்தம் சட்டென்று நின்றால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். அக்காவும் நிமிர்வாள். கொஞ்ச நேரத்தில் அவர் இருமுவதோ பெட்டியைத் திறப்பதோ கேட்கும். இரண்டு பேரும் மறுபடி டீயைக் குடிப்போம்.

அவர் செய்த டிராவலர் பறப்பதை நிறுத்திய வருஷமும் வந்தது. எவ்வளவு ஓட்டினாலும் தேய்மானம் தெரியவில்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் இப்போது கோயமுத்தூர்ப் பக்கம் வேறொரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். அவனுக்கு ஒரு டப்பா நிறைய அனுப்பினார். சில மாதம் கழித்து அவன் போன் செய்தான். அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று பேசினார், ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. ஒரு ஃப்ரேம் முழுக்க மாட்டிவிட்டோம் மாமா, ஒன்றுகூடப் பறக்கவில்லை, மேனேஜர் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்றான். அண்ணன் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா நல்லதுங்க என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவளையும் கூப்பிட்டார், வரமாட்டேன் என்றாள். என் வீட்டுக்காரர்தான் மெயின்லேண்ட் கப்பலில் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். தனியாகப் போனார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் தெருவே அமைதியாக இருந்தது. மளிகைக்கடைக்காரர்கூட, என்னவோ போல இருக்கிறது என்றார்.

திரும்பி வந்தவர் மோட்டாரைப் போடவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஜெட்டிக்குப் போனார், எஞ்சின் பார்த்தார், வந்தார், வாசற்படியில் உட்கார்ந்தார். மில்லில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், நல்லாத்தான் ஓடுதுங்க என்பதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்காவும் நானும் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் முற்றத்தில் வந்து நின்றார். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய டிராவலர் மாட்டிய ஃப்ரேமை மற்றவற்றைவிட வேகமாக ஓட்டுகிறார்களாம். தேயவில்லை என்றால் வேகத்தைக் கூட்டலாமே மாமா, அதற்குத்தானே இது என்று அந்தப் பையன் சிரித்தானாம். வேகத்தைக் கூட்டியதும் சூடும் கூடியிருக்கிறது. இவர் குனிந்து பார்த்தார். டிராவலரின் பாதம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் பறக்கும். அந்த ஃப்ரேமில் சைடு பார்த்தவள் சின்னப் பெண். கண்ணாடி போடவில்லை. அதை மேனேஜரிடம் கேட்டதற்கு, கொடுத்தாலும் வியர்க்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள் என்றாராம்.

"நான் அந்தப் பொண்ணுகிட்டப் போனேன். முகத்தக் கிட்டக் கொண்டு போகாத கண்ணுன்னு சொன்னேன். சிரிச்சுட்டுத் தலையாட்டுச்சு. திரும்பி நாலெட்டு வெக்கல, அதே மாதிரி குனியுது. மறுக்காப் போய்ச் சொன்னேன். மறுக்காவும் தலையாட்டுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதுக்கு ஒண்ணுமே கேக்கலை. பெரியவரு என்னமோ சொல்றாருன்னு தலையாட்டுது."

அக்கா சுளையைக் கையில் வைத்தபடி அவரைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். நான் பார்த்தவரை அவர் அக்காவிடம் பேசும்போது அவள் தோளையோ கையையோ பார்த்துத்தான் பேசுவார்.

"அன்னைக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

என்றைக்கு என்று அக்கா கேட்கவில்லை. "என்னங்க சொன்னீங்க?" என்றாள்.

கண் போன அன்று மத்தியானம் அவள் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். நூல் அடிக்கடி அறுகிறது என்று சைகையால் காட்டியிருக்கிறாள். போய்ப் பார்த்தால் டிராவலர்களெல்லாம் தேய்ந்து பழுத்துக் கிடந்தன. அப்போதே நிறுத்தி மாற்றியிருக்க வேண்டும். புதியது ஸ்டோரில் இருந்தது. ஃப்ரேமை நிறுத்தினால் மேலே பதில் சொல்லவேண்டும் என்று இவர் தயங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம், அதுவரைக்கும் முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் தலையாட்டியிருக்கிறாள். இவர் அடுத்த ஃப்ரேமுக்குப் போய்விட்டார்.

"நீ தலையாட்டுனே" என்றார். "சொல்லியும் ஏன் குனிஞ்சான்னு இத்தன வருஷமா எனக்குள்ள ஒண்ணு கேட்டுட்டே இருக்குது. உங்கிட்டக் கேக்கறதுக்கு வாய் வந்ததில்லை."

அக்கா பலாப்பிசின் ஒட்டிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள். "அந்த எரைச்சல்ல என்ன கேக்கும்? உங்க வாய் அசைஞ்சுது. சோத்து நேரம். சாப்ட்டியான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன். ஆமான்னு தலையாட்டுனேன்."

அவர் நின்றபடியே இருந்தார்.

"மில்லுல யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லீங்க. எங்கப்பன் வந்து, இந்தப் பையன் கேக்கறான், உனக்குச் சம்மதமான்னு கேட்டப்ப, அதை நெனச்சுட்டுத்தான் சரின்னேன்."

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் முகம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அவள் அவரை விரும்பித்தான் கட்டிக்கொண்டாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முன்னால் சொன்னதிலேயே நின்றுவிட்டார். தவறு தன்னுடையது என்று எப்போதும் தெரிந்தவர்தான். இருந்தாலும், எச்சரிக்கையாவது சொன்னோம் என்ற ஒரு பிடிமானம் அவருக்கு இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. அது கையை விட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப நான் யாருகிட்டச் சொன்னேன்?" என்றார்.

பதிலுக்கு நிற்காமல் கொட்டகைக்குப் போனார். மோட்டார் சத்தம் வரவில்லை. அக்கா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, அவர் பின்னாலேயே கொட்டகைக்குள் போனாள். அவள் அதற்குள் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் சுளைகளை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மிஷின் ஓடவில்லை. மில்லிலிருந்து இன்னும் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்று போன் வந்துகொண்டிருந்தது. முதலில் அந்தப் பெண்களுக்குக் கண்ணாடியும் வேகக் குறைப்பும் என்றார் அண்ணன். சிரித்து மழுப்பினார்கள். இவர் அச்சை உடைத்துப் பழைய இரும்போடு போட்டுவிட்டார். கொட்டகையில் அக்கா கோழி வளர்த்தாள்.

சத்தம் நின்றதே தவிர அவருக்கு நிம்மதி வரவில்லை. புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எது சொன்னாலும் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, நாம் திரும்பும்வரை காத்திருந்து சொல்வார். சொல்லிவிட்டு, நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்க்கலாம் என்பார். நாம் திருப்பிச் சொன்னால்தான் விடுவார். எஞ்சின் கொடுக்க வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருந்தது. சிலர் வேறு மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள். தலையாட்டினால் மட்டும் கோபம் வரும். "தலையாட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க" என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதற்கு மட்டும்தான்.

என் வீட்டுக்காரருக்குத் தெற்குக் கோடித் தீவில் உள்ள கேம்பல் பேயில் கரை வேலையாக மாற்றல் வந்தது. அவர் முன்னால் போய் வீடு பார்த்தார். நான் சாமான்களோடு பின்னால் கிளம்பினேன். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு அண்ணன் வந்திருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. பெட்டிகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். நான் மேல்தளத்தில் கம்பியில் சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்துக் கையசைத்தேன். கப்பல் கயிறு அவிழ்க்கிற நேரம். எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். வாய் அசைந்தது, கேட்கவில்லை. போய் வாங்க என்றுதான் சொல்வார், வேறென்ன. சரி சரி என்று தலையாட்ட வந்தேன். கழுத்து அசைவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன். மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை என்று காட்டினேன்.

அவர் சட்டென்று திரும்பிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று ஓடுகிறார் என்று நினைத்து எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கப்பல் ஜெட்டியை விட்டு விலகிக் கொஞ்ச தூரம் போனதும் கப்பல் ஆள் ஒருவன் மேலே ஏறி வந்தான். நானும் இன்னும் சில பெண்களும் சாய்ந்திருந்த இடத்திலிருந்து எங்களை விலகச் சொன்னான். கம்பியை ஆட்டிப் பார்த்துத் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, அங்கே குறுக்கே கயிறு கட்டினான். நான் வேறு பக்கம் போய் உட்கார்ந்தேன். அதையும் இதையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

கேம்பல் பேயில் போன் கிடைப்பது அப்போது பெரும்பாடு. குடியேறிச் சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அதுவரை எனக்கு அவர் போன் செய்ததே கிடையாது. அவரிடம் நான் கடைசியாகப் பேசியதும் அன்றுதான். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அக்கா சொல்லித்தான் தெரியும். நான் போய்ச் சேரக் கப்பல் கிடைக்கவில்லை.

அன்று போனில் நலம் விசாரிக்கவில்லை. எடுத்ததும், கப்பலில் உங்களை இடம் மாறச் சொன்னார்களா என்று கேட்டார். ஆமாம் அண்ணே, கயிறு கட்டினார்கள் என்றேன். அந்தக் கம்பியின் அடியில் போல்ட் ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்ததாம். கீழே நின்று பார்த்தபோதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சாயாதீங்க, தள்ளி நில்லுங்க என்று அதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஜெட்டி ஆபீசுக்கு ஓடி, கப்பலுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லவைத்திருக்கிறார்.

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"கேக்கலைன்னு காட்டுனீங்க" என்றார். "தலையாட்டியிருந்தீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிருப்பனுங்க."